தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்

வாஷிங் மெஷின் பாதியில் நின்றதைக்கூட மன்னித்துவிடலாம். மெஷின் என்று இருந்தால் என்றைக்காவது நிற்கத்தான் செய்யும். கதவைப் பூட்டிக்கொண்டு நின்றது பாருங்கள், அது அராஜகம்.

வட்டக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சோப்பு நுரைக்கு நடுவே, பாட்டுக்காரரின் கறுப்புச் சட்டை நனைந்து கிடந்தது. வெறும் சட்டை இல்லை, மேடைச் சட்டை. அன்று சாயங்காலம் ரெஸ்டாரண்டில் அவருடைய நிகழ்ச்சி. வாராவாரம் அங்கே ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தானே எழுதி மெட்டமைத்த பாட்டுகளைக் கிட்டாரோடு பாடுவார். பகலில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுப்பார். தெருவில் எல்லோருக்கும் அவர் பாட்டுக்காரர்தான். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

"இழுத்துப் பார்த்தீங்களா?" என்றாள் மனைவி.

"பார்த்தேன்."

"தட்டிப் பார்த்தீங்களா?"

"உதைச்சே பார்த்தாச்சு. மசியல."

"என் கோட்டும் உள்ளதான் கிடக்கு. நாளைக்கு நான் எதைப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போறது?" அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். வெள்ளைக் கோட்டு இல்லாமல் போனால் உள்ளேயே விடமாட்டார்கள். "பேசாம கம்பெனிக்குப் போனைப் போடுங்க. மேல ஸ்டிக்கர்ல நம்பர் இருக்கு பாருங்க."

போட்டார். வாஷிங் மெஷினுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது ஒரு குரல். அழுத்தினார். தமிழுக்கு மறுபடியும் ஒன்றை அழுத்தச் சொன்னது. அதையும் அழுத்தினார். "எங்கள் பணியாளர்கள் அனைவரும் வேலையாக இருக்கிறார்கள். தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்" என்றது.

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மெஷின் தலைமேல் வைத்துவிட்டு, கதவை இன்னொரு தடவை இழுத்தார். போனில் கிட்டார் ஒலித்தது. பிறகு ஒரு ஆள் பாட ஆரம்பித்தான்.

'விளக்கை நான் அணைக்கவில்லை, கதவை நான் சாத்தவில்லை...'

பாட்டுக்காரர் கைப்பிடியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா! இங்க வா! இது நான்!"

"எது நீங்க?"

"இந்தக் குரல்! இந்தப் பாட்டு! நான் எழுதின பாட்டு, நான் பாடினது! கேளு, கேளு!"

அவள் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். "உங்க குரல் மாதிரிதான் இருக்கு. ஆனா இது நல்லாயிருக்கே?"

வேறொரு சமயமாக இருந்தால் இதற்கே ஒரு சண்டை நடந்திருக்கும். இப்போது அவருக்கு அதற்கு நேரமில்லை. 

அந்தப் பாட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால், ஒரு நண்பனின் அறையில், தெருச் சத்தம் வராமல் இருக்க ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, இரவல் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தது. வராத ஒருத்திக்காகக் காத்திருப்பவனின் பாட்டு. ஐந்து சரணம். முதல் நான்கு சரணமும் சுமார்தான் என்று அவரே ஒப்புக்கொள்வார். அந்த ஐந்தாவது இருக்கிறதே, அதுதான் பாட்டு. மற்றதெல்லாம் அங்கே போய்ச் சேருவதற்கான வழி.

அந்த ஐந்தாவது சரணத்தை விரும்பிக் கேட்ட மனிதப்பிறவி இந்த உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. இத்தனை வருஷத்தில் அவர் எந்த மேடையிலும் அங்கே போய்ச் சேர்ந்ததே இல்லை. இரண்டாவது சரணத்தில் யாருக்காவது பிறந்தநாள் கேக் வந்துவிடும். மூன்றாவதில் மைக்கைப் பிடுங்கி, 'வெள்ளைக் கார் வழியை மறிச்சு நிக்குது' என்று அறிவிப்பார்கள். கடைத் திறப்பு விழாக்களில் முதல் சரணத்திலேயே ரிப்பனை வெட்டிவிடுவார்கள். ஒரே ஒரு ஆள், யாரும் கட்டாயப்படுத்தாமல், அந்தப் பாட்டைக் கடைசி வரி வரைக்கும் கேட்டால் போதும் என்றுதான் மனுஷன் இன்னும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். பெரிய ஆசையா இது? நீங்களே சொல்லுங்கள்.

போன வருஷம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது, அலமாரி உச்சியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் அந்தப் பழைய கேசட் கிடைத்தது. மனைவியின் தம்பி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இன்டர்நெட்டில் போட்டுவிட்டான். கேட்டவர்கள் கைவிரல்களுக்குள் அடங்கினார்கள். அதிலும் பாதி பாட்டுக்காரரே.

அந்தப் பாட்டு இப்போது வாஷிங் மெஷின் மேல் இருந்து பாடிக்கொண்டிருந்தது. அவர் முழுவதையும் நின்றுகொண்டே கேட்டார். ஐந்தாவது சரணம் முடிந்து, கிட்டாரின் கடைசி நாதம் ஓய்ந்ததும், கணக்காக ஒரு பெண்குரல் வந்தது.

"வணக்கம் சார், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"இந்தப் பாட்டு எப்படி வருது?" என்று சீறினார் பாட்டுக்காரர்.

"சார்?"

"பாட்டும்மா, பாட்டு! யாரைக் கேட்டு வருது?"

"மெஷின்லேர்ந்து பாட்டுச் சத்தம் வருதா சார்?"

"மெஷினை விடும்மா! நான் பாட்டைப் பத்திப் பேசறேன்!"

"புரியுது சார். துவைக்கும்போது அதிகமா வருதா, பிழியும்போது அதிகமா வருதா?"

"நான் பிழியறேன் பாரு உங்களை எல்லாம்! இது திருட்டும்மா, பச்சைத் திருட்டு!"

"உங்க கோபம் நியாயமானது சார். புகாரைப் பதிவு பண்ணிட்டேன். டெக்னீஷியன் நாளைக்கு வருவார். எங்களை அழைத்ததற்கு நன்றி."

லைன் துண்டிக்கப்பட்டது. மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"கதவு திறக்கலைன்னு சொன்னீங்களா?"

பாட்டுக்காரர் கிட்டாரை எடுக்கப் போனார்.

சாயங்காலம் மச்சினனுடைய டீஷர்ட்டைப் போட்டுக்கொண்டு ரெஸ்டாரண்டுக்குப் போனார். மஞ்சள் நிறம், நெஞ்சில் பெரிதாக ஒரு வாத்து. போகட்டும். சட்டையா பாடப்போகிறது? அன்றைக்கு அவர் ஒரு முடிவோடு போயிருந்தார். அந்தப் பாட்டை முதல் பாட்டாகப் பாடி, இது என்னுடையது என்று ஊரறியச் சொல்லிவிட வேண்டும். கம்பெனிக்காரன் காதுக்குத் தானாகப் போய்ச் சேரும்.

ஸ்டூலில் உட்கார்ந்தார். மைக்கைத் தட்டினார். கிட்டாரில் அந்தப் பாட்டின் ஆரம்பத்தை மீட்டினார்.

ரெஸ்டாரண்டே நிமிர்ந்து பார்த்தது. அவர் வாழ்க்கையில் இப்படி நடந்ததே இல்லை. ஸ்பூனை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பாட்டுக்காரருக்குப் புல்லரித்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, 'விளக்கை நான் அணைக்கவில்லை' என்று எடுத்தார்.

"ஐயோ, இங்கயுமா!" என்று ஒரு அம்மா கத்தினார்.

பாட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். முன் மேஜையில் இருந்த ஆள் தன்னையறியாமல் இடது கையைக் காதுக்குக் கொண்டுபோயிருந்தார். பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கும் அப்படித்தான் சார் இருக்கு. கம்பெனிக்கு எப்பப் போன் பண்ணாலும் இந்தப் பாட்டு முழுசா ஓடித் தீர்ந்தாத்தான் ஆளு வருவாங்க. ஒரு நாளாவது நடுவுல எடுத்திருப்பாங்களா? ம்ஹூம்!"

"நீங்கதானா அது?" என்று அந்த அம்மா எழுந்தே வந்துவிட்டார். "உங்க குரல்தானா? ஃப்ரிட்ஜ் கதவுக்கு ரப்பர் கேட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? பால் கெட்டுப்போகுது!"

"அம்மா, நான் பாடறவன்."

"பாடுவீங்க, ஏன் பாட மாட்டீங்க! ரப்பர் எப்ப வரும்? அதைச் சொல்லிட்டுப் பாடுங்க!"

மூலைமுடுக்கில் இருந்தெல்லாம் குரல் கிளம்பியது. ஒருத்தருக்குத் தண்ணீர் ஒழுகுகிறது. ஒருத்தருக்கு மெஷின் நடந்து நடந்து குளியலறை வாசலுக்கே வந்துவிட்டது. ரெஸ்டாரண்ட் முதலாளி விறுவிறுவென்று வந்து பாட்டுக்காரரின் காதோரம் குனிந்தார்.

"அண்ணே, இங்க வர்றவங்க வீட்டுத் தொல்லையை மறக்கத்தான் வர்றாங்க. நீங்க அதைக் கிட்டார்ல வாசிச்சா எப்படி? இனிமே இந்தப் பாட்டு இங்க வேணாம்."

"இது என் பாட்டுய்யா! அவங்க திருடினது!"

"யாரு திருடினா என்ன அண்ணே, கேக்கறவங்களுக்கு மெஷின்தானே ஞாபகம் வருது."

பாட்டுக்காரர் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தார். ஒரு மனுஷன் இளமையில் உருகி உருகி எழுதிய பாட்டு. அதைக் கேட்டால் ஜனங்களுக்குக் காதலி ஞாபகம் வரவேண்டாமா? ஃப்ரிட்ஜ் ரப்பர் ஞாபகம் வருகிறதாம்! வயிறு எரியாமல் என்ன செய்யும்?

வீட்டில் மச்சினன் சோபாவில் உட்கார்ந்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து நின்றான்.

"மாமா, பாட்டைப் போடும்போது அதுல ஒரு கேள்வி வந்துச்சு. 'இதை யார் வேணும்னாலும் எடுத்துப் பயன்படுத்தலாமா?'ன்னு. நான் ஆமான்னு போட்டுட்டேன்."

"யாரைக் கேட்டுடா போட்டே?"

"உங்களைக் கேட்டுத்தான் மாமா! நீங்க கிட்டாருக்குக் கம்பி மாத்திக்கிட்டே, 'எப்படியோ நாலு பேர் கேட்டாச் சரிடா'ன்னு சொன்னீங்க."

"அவன் மேல எதுக்குப் பாயறீங்க?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "உங்க பாட்டை நாலு பேர் கேக்க அவன் ஒருத்தன்தான் வழி பண்ணியிருக்கான்."

"கேக்கறாங்களா? கட்டிப்போட்டுக் கேக்க வைக்கறாங்க! போனை வெச்சா வரிசை போயிடும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கறாங்க! அது கேக்கறதா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மெஷின் நாத்தம் அடிக்க ஆரம்பிச்சாச்சு."

மறுநாள் டெக்னீஷியன் வந்தார். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் மெஷினில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப ஒண்ணும் வரலையே சார்."

"எது வரல?"

"பாட்டு. மெஷின்ல பாட்டுச் சத்தம்னு புகார் வந்திருக்கு. பழைய பாட்டா சார், புதுப் பாட்டா?"

பாட்டுக்காரருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மனைவி நடுவில் புகுந்தாள். "சத்தமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. கதவு திறக்கல. துணி உள்ள மாட்டிக்கிட்டுக் கிடக்கு. அதை மட்டும் திறந்து விடுங்க, புண்ணியமாப் போகும்."

"கதவா?" டெக்னீஷியன் பின்னால் நகர்ந்தார். "கதவு வேற புகார்ம்மா. நான் சத்தத்துக்கு வந்தவன். கதவுல கை வெச்சா நாளைக்குக் கதவுக்காரன் என்னைச் சும்மா விடமாட்டான். சத்தம் இல்லைன்னு எழுதிட்டுப் போறேன்."

அவர் தெருமுனை திரும்புவதற்குள் பாட்டுக்காரருக்கு ஒரு செய்தி வந்தது. 'உங்கள் மெஷினில் இருந்து வந்த பாட்டு வெற்றிகரமாக நிறுத்தப்பட்டது. எங்கள் சேவையில் நீங்கள் மகிழ்ச்சி அடைந்தீர்களா?'

"நான் அந்த ஆபீசுக்கே போறேன்" என்றார் பாட்டுக்காரர்.

"போங்க. நானும் இதோ கதவுக்குத் தனியாப் புகார் குடுத்துடறேன். வர்ற வழியில எனக்கு ஒரு கோட்டு வாங்கிட்டு வாங்க. இன்னிக்குக் கடையில ஒரு பொண்ணோடதை இரவல் வாங்கித்தான் போட்டுக்கணும், கை முழங்கையோட நிக்கும்."

கம்பெனி ஆபீஸ் ஒரு மாடிக் கட்டடம். கீழே வரிசை வரிசையாக நாற்காலி. அதில் கையில் உடைந்த சாமானோடு ஜனங்கள். யாராவது பாட்டுக்காரரின் குரலை அடையாளம் கண்டுவிடப்போகிறார்கள் என்று அவர் சைகையிலேயே வழி கேட்டு மாடிக்குப் போய்ச் சேர்ந்தார்.

மேலாளர் நல்ல மனிதர்தான். அதுதான் எரிச்சல். சண்டைக்கு என்று போகும் இடத்தில் எதிராளி நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, சொல்வதற்கெல்லாம் தலையாட்டினால் மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவது?

"உங்க பாட்டா சார்? ரொம்பச் சந்தோஷம்! 'யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்'னு போட்டிருந்துச்சு, எடுத்துக்கிட்டோம். காத்திருக்கிறவன் பாட்டு, நம்ம தொழிலுக்குப் பொருத்தமா இருந்துச்சு."

"என் பேரைக்கூடப் போடலையே நீங்க! ஊரெல்லாம் என் குரல் ஓடுது, பாடினவன் யாருன்னு ஒரு நாய்க்கும் தெரியாது! இது நியாயமா?"

"நியாயமே இல்ல சார். பேரைச் சொல்லிடறோம். பாட்டுக்கு முன்னாடி உங்க பேரையும் தொடர்பு எண்ணையும் சொன்னாப் போதுமா?"

பாட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேர்! தொடர்பு எண்! இத்தனை வருஷத்தில் எந்த ரெஸ்டாரண்டும் வாசலில் அவர் பேரை எழுதிவைத்ததில்லை. ஜனங்கள் பேரைக் கேட்பார்கள், மனசு மாறுவார்கள், கூப்பிட்டுப் பாராட்டுவார்கள். அவர் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"போதும்" என்றார் பெருந்தன்மையோடு.

"அப்ப உங்க விவகாரம் எல்லாத்தையும் முடிச்சுடலாமா சார்?"

"முடிச்சுடுங்க, முடிச்சுடுங்க."

மேலாளர் கம்ப்யூட்டரில் இரண்டு தட்டுத் தட்டினார். பாட்டுக்காரரின் விலாசத்தில் நிலுவையில் இருந்த எல்லாப் புகாரும் முடிந்தது. மனைவி காலையில்தான் கொடுத்திருந்த கதவுப் புகாரும் அதில் சேர்ந்து முடிந்தது.

"எங்க கஷ்டத்தையும் சொல்றேன் சார்" என்று மேலாளர் கதவு வரைக்கும் கூடவே வந்தார். "போன் எடுக்கற பொண்ணுங்களைச் சீக்கிரம் எடுங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. லைன் காத்துக்கிட்டிருக்கும், இதுங்க சும்மா உட்கார்ந்திருக்கும். என்னன்னு கேட்டா ஒண்ணும் சொல்றதில்ல. கெட்ட பேரு எனக்கு."

பாட்டுக்காரர் அதைக் காதில் வாங்கவே இல்லை. மனைவிக்குக் கோட்டு வாங்கவும் மறந்துவிட்டார்.

மறுநாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் அழைப்பு வந்தது. வாய் கொப்பளிக்கக்கூட நிற்காமல் எடுத்தார்.

"பாட்டுப் பாடினவர் நீங்கதானே?"

"ஆமாங்க, ஆமாங்க! சொல்லுங்க!"

"ஃப்ரிட்ஜுக்கு அடியில தண்ணி தேங்குது சார்."

"என்னங்க?"

"அவங்க போன் எடுக்கற வழியைக் காணோம். பாட்டுக்கு முன்னாடி உங்க நம்பரைச் சொன்னாங்க. சரி, உடனே எடுக்கிற நம்பர் போலிருக்குன்னு போட்டேன்."

அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. கிட்டார் கற்க வந்த பிள்ளைகள் போன் மணிக்கு ஏற்ற மாதிரி தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டுக்காரரும் லேசில் விடவில்லை. கூப்பிட்ட ஒவ்வொருவரிடமும் தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "பாட்டு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"எந்தப் பாட்டு?" என்றார் ஒருத்தர்.

"அந்த ஆளு அழுதுக்கிட்டே இருப்பானே, அதுவா?" என்றார் இன்னொருத்தர்.

"கடைசிச் சரணம் கேட்டீங்களா?" என்று ஒரு பெரியவரிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"கேக்காம எங்கய்யா போறது? போனை வெச்சா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பானே! என் விதின்னு கேட்டேன்!"

சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்தபோது, பாட்டுக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெஷின் இருந்த பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போக முடிந்தது. போன் மறுபடியும் அடித்தது. அவள் எடுத்தாள்.

"ஆமாம்மா, சொல்லுங்க. ஐஸ் கட்டிக்குதா? பின்னாடி ஓட்டை அடைச்சிருக்கும், வெந்நீர் ஊத்திப் பாருங்க. எங்க வீட்டுலயும் அப்படித்தான் பண்ணேன். பரவாயில்லம்மா, இருக்கட்டும்." வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். "ஊருல இருக்கிற ஃப்ரிட்ஜெல்லாம் சரியாயிடும் போல. நம்ம வீட்டு மெஷினுக்குத்தான் நாதி இல்ல. கதவுப் புகார் என்னாச்சுன்னு மத்தியானம் போன் பண்ணேன். 'உங்க வீட்டுக்காரர் நேர்ல வந்து எல்லாத்தையும் முடிச்சுட்டாரே'ங்கறாங்க. என்னத்தைங்க முடிச்சீங்க?"

"நான் என் பேரை..."

"பேரா? உங்க பேரால நம்ம துணியெல்லாம் ஊறிப்போய் உள்ளேயே பாசி பிடிக்குது! எனக்கு ஒரு கோட்டுக்கு வழியில்ல, உங்களுக்குப் பேரு கேக்குதா?"

அவள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. அதனால்தான் அவருக்குக் கோபம் இரண்டு மடங்காக வந்தது. போனை அணைத்து அலமாரிக்குள் எறிந்தார். "நாளைக்குப் போறேன். இந்தத் தடவை பேரும் வேணாம், ஊரும் வேணாம். என் பாட்டை அங்கேயிருந்து எடுத்தாகணும். எடுக்காம அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்!"

சொன்னபடியே செய்தார். மறுநாள் காலை ஆபீஸ் திறக்கும் முன்னாலேயே போய் நின்றுகொண்டார். மேலாளர் இழுத்துப்போட்ட நாற்காலியில் உட்காரவில்லை. கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை.

"என் பாட்டு மனுஷங்க கேக்கறதுக்கு எழுதினது! காதோட போனை ஒட்டிவெச்சுக்கிட்டு, எப்படா முடியும்னு சபிக்கறதுக்கு எழுதினது இல்ல! ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு அதை மனசார முழுசாக் கேட்டான்னு சொல்லுங்க, நான் இப்பவே கும்பிட்டுட்டுப் போயிடறேன். இருக்கானா? இருக்கானாய்யா?"

மேலாளர் யோசித்துப் பார்த்தார். மறைக்காமல் சொன்னார். "எனக்குத் தெரிஞ்சு இல்ல சார். எங்களுக்கு வர்ற புகார்ல பாதி அந்தப் பாட்டைப் பத்தித்தான்."

"அப்ப எடுங்க!"

"தாராளமா சார்! நானே எப்ப எடுக்கலாம்னு பார்த்துக்கிட்டிருந்தேன். சொந்தக்காரர் நீங்களே வந்து சொல்லிட்டீங்க, வேற என்ன வேணும்? இனிமே வெறும் டொய்ங் டொய்ங் சத்தம்தான்."

அவர் கண்ணெதிரிலேயே எடுத்தார்கள். பக்கத்து அறையில் யாரோ "ஐயையோ" என்றது கேட்டது. ஆபீஸ் என்றால் ஆயிரம் ஐயையோ இருக்கும். பாட்டுக்காரர் நிமிர்ந்த நெஞ்சோடு மாடிப்படி இறங்கினார். கீழே நாற்காலியில் காத்திருந்தவர்களைப் பார்த்து, "பாட்டை எடுக்க வெச்சுட்டேன்!" என்று வாய்விட்டே சொன்னார். இரண்டு பேர் கைதட்டினார்கள். ஒரு அம்மா, "நல்லா இருப்பீங்க!" என்றார். அவர் வாழ்க்கையில் வாங்கிய மிகப் பெரிய கைதட்டல் அதுதான். வழியில் ஞாபகமாக ஒரு வெள்ளைக் கோட்டும் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் மனைவி கோட்டைப் போட்டுப் பார்த்தாள். கை சரியாக மணிக்கட்டு வரை வந்தது. முகம் கொஞ்சம் தெளிந்தது.

"சரி, உங்க பாட்டை மீட்டுட்டீங்க. சந்தோஷம். இப்பவாவது கதவுக்குப் போன் பண்ணுவீங்களா?"

"பண்றேன். கொண்டா உன் போனை. என் போனைத் திறந்தா ஃப்ரிட்ஜ்காரங்க வந்துடுவாங்க."

போட்டார். ஒன்றை அழுத்தினார். மறுபடி ஒன்றை அழுத்தினார். டொய்ங் என்றது. அவ்வளவுதான், இரண்டாவது டொய்ங் வருவதற்குள் ஒரு பெண் எடுத்துவிட்டாள். முன்பு பேசியவள் இல்லை, வேறொருத்தி. குரலில் சுரத்தே இல்லை.

"சொல்லுங்க சார்."

"வாஷிங் மெஷின் கதவு திறக்கல. துணி உள்ள மாட்டிக்கிட்டிருக்கு."

"ஒரு மணி நேரத்துல ஆள் வரும் சார். வேற ஏதாவது?"

பாட்டுக்காரர் ஸ்பீக்கரை அழுத்தினார். மனைவியும் கேட்கட்டும் என்று போனை நீட்டிப் பிடித்துக்கொண்டார். தான் போட்ட சண்டைக்கு எப்பேர்ப்பட்ட பலன் என்று இப்போதாவது அவளுக்குப் புரியவேண்டாமா?

"பரவாயில்லையேம்மா! போட்ட உடனே எடுத்துட்டீங்களே! அன்னிக்கு என்னமாக் காக்க வெச்சீங்க! இப்ப மட்டும் எப்படி?"

"அதை ஏன் சார் கேக்கறீங்க! முன்னாடி ஒரு பாட்டு இருந்துச்சு, யாராவது லைன்ல வந்தா எங்க ரூம் ஸ்பீக்கர்லயும் அது ஓடும், அதோட கடைசிச் சரணம் முடியற வரைக்கும் எங்கள்ல ஒருத்தியும் போனைத் தொடவே மாட்டோம் சார், எந்த மகராசனோ ஆபீஸ் வரைக்கும் வந்து சண்டை போட்டு அதை எடுக்க வெச்சுட்டுப் போயிட்டான்."